பாதி முடிஞ்ச கல்வெட்டு வாசிப்பை மொட்டைமாடியில உக்காந்து பேசுறது: உங்க ஊர்ல எப்படி நடத்துறீங்க?

மதகடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கம், திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, கல்வெட்டு, நடுகல் (சண்டையில செத்த வீரனுக்கு நட்ட கல்), ஏரி மதகுன்னு தேடித் திரியிற ஒரு சின்னக் கூட்டம் இருக்கோம். ஒருத்தர் தபால் ஆபீஸ், ஒருத்தர் டெய்லர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், விவசாயம் பாக்குறவங்க, காலேஜ் பசங்க கொஞ்சம் பேர். யாரும் தொல்லியல் படிச்சுட்டு வந்தவங்க இல்ல, படிச்சவங்க கிட்ட கேட்டுக் கேட்டு எழுத்து கத்துக்கிட்டவங்கதான்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டு மாடியில உக்காருவோம். மேடை கிடையாது, மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது. ஒரே ஒரு வழக்கம், முடிச்ச வேலையைக் கொண்டு வரக்கூடாது. எங்க முட்டிக்கிட்டு நிக்குதோ அதைத்தான் கொண்டு வரணும். படிக்க முடியாத வரி, எந்த ராஜான்னு தெரியாத ஆட்சியாண்டு, இருக்கிற இடம் தெரியாம போன ஊர்ப்பேர். கருத்தரங்குல பத்து நிமிஷம் குடுப்பாங்க, அதுல முடிவை மட்டும்தான் சொல்ல முடியும், சந்தேகத்தைச் சொன்னா "தயாராகாம வந்துட்டார்"னு நினைப்பாங்க. ஆனா சந்தேகத்தைச் சொல்ற இடத்துலதான் வேலை நகருது, இதை நான் கண்ணால பாத்துட்டு இருக்கேன்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு ஏரி மதகுக் கல், ஏரியில வண்டல் எடுக்கிறதுக்கு நெல் ஒதுக்கினதைச் சொல்ற கல்வெட்டு. ஒரு வரியில பூவில் நெல்லு முக்கலனே வரைக்கும் தெளிவா இருக்கு, பூன்னா ஒரு போகம், முக்கலன்னா மூணு கலம். அப்புறம் கல் சிதைஞ்சு போய் 'தூ' மட்டும் தெரியுது, கடைசியில 'ககு' (புள்ளி வைக்கிற வழக்கம் இல்லாததால 'க்கு'ன்னு எடுத்துக்கலாம்). நடுவுல என்னன்னு எங்க யாருக்கும் பிடிபடல. ஆள் பேரா, ஊர்ப் பேரா, வேற ஏதாவது வரியான்னு பேசிக்கிட்டே இருந்தோம். அந்த வீட்டுப் பாட்டி, கும்பகோணம் பக்கம் பொறந்து வளந்தவங்க, டீ குடுக்க வந்தவங்க கேட்டுட்டு நின்னாங்க. "மூணு கலத்துக்கு மேல தூணிப்பதக்கா இருக்கும்பா, களத்துல அப்படித்தான அளப்போம்"னாங்க. தூணின்னா நாலு குறுணி, பதக்குன்னா ரெண்டு குறுணி, ஆக ஆறு குறுணி, பன்னெண்டு குறுணி ஒரு கலம், அப்ப தூணிப்பதக்கு அரை கலம். மூணரை கலம். கீழ் வரியில ஆக இரண்டு பூவுக்கும் நெல்லு எழு கலம்னு தெளிவாவே இருக்கு. மூணரையும் மூணரையும் ஏழு. மாடியில இருந்த அத்தனை பேரும் கத்திட்டோம்.

அந்தக் கணக்கு அந்தப் பாட்டி இல்லாம வந்திருக்காது. அதனாலதான் இந்த உக்காரல் எனக்கு இவ்வளவு முக்கியம்.

இப்ப பிரச்சனை. போன தடவை ஒரு தம்பி ஒரு நடுகல் படத்தைக் காட்டினார், இன்னும் பாதிதான் படிச்சிருந்தார். அந்த வாரமே அது ஒரு பேப்பர்ல வேற ஒருத்தர் பேர்ல "கண்டுபிடிப்பு"ன்னு வந்துருச்சு, வாசிப்பும் அரைகுறை, ஊர்ப்பேர், எந்த தோப்பு, எந்த பக்கம்னு எல்லாம் போட்டு. அடுத்த அமாவாசைக்குள்ள கல்லைச் சுத்தி யாரோ குழி தோண்டியிருக்காங்க, எழுத்துன்னா புதையல் குறிப்புன்னு நம்புறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க. கல் சாஞ்சு கிடக்கு. அந்த தம்பி இப்ப வர்றதே இல்ல.

இதுக்கு அப்புறம் எங்கள்ல சிலபேர் "இனிமே வாட்ஸப்ல படம் போடாதே, புதுசா யாரையும் சேக்காதே, எழுதி முடிச்சப்புறம் பேசலாம்"னு சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. முடிச்சப்புறம் பேசறதுன்னா இந்த உக்காரலே தேவையில்லையே. உங்க ஊர்ல எப்படி சமாளிக்கிறீங்க, சொல்லுங்க.

---

வேடியப்பன் காடு எழுதியது:

அண்ணே வணக்கம், கிருஷ்ணகிரி பக்கம். எங்க ஊர்ல நடுகல்லுங்கள நிறைய இடத்துல வேடியப்பன்னு கும்புடுறாங்க, கோயிலே கட்டியிருக்காங்க, அதனால கல்லுக்கு ஆபத்து கொஞ்சம் கம்மி. கும்புடாத கல்லுதான் முதல்ல போகுது, வரப்புல, துணி தொவைக்க, ரோட்டுக்கு அடியில.

நான் பேப்பர்ல வர்றதுக்கு எதிரி இல்ல. நிறைய கல்லு செய்தி வந்ததுனாலதான் தப்பிச்சுது. செய்தி வந்தா விஏஓ வர்றார், தாசில்தார் வர்றார், ஊர்ல "நம்ம கல்லு"ன்னு ஒரு பெருமை வருது. முடிச்சு எழுதுற வரைக்கும் காத்திருந்து அதுக்குள்ள ஜேசிபி வந்து அள்ளிட்டுப் போன கல்லு எனக்குத் தெரியும். அதனால ரகசியம்னு ஆரம்பிச்சா அது கல்லுக்கு நல்லதில்ல.

ஆனா அந்த தம்பிக்கு நடந்தது அநியாயம், அதுல மாத்துக்கருத்தே இல்ல. அவரை நேர்ல போய் கூப்பிடுங்க.

---

மசிப்படி எழுதியது:

நான் கல்வெட்டுப் படியெடுக்கிற வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். நீங்க நடத்துற மாதிரி கூட்டத்துக்குப் போயிருக்கேன், சந்தோஷமா இருக்கும், சில சமயம் பயமாவும் இருக்கும். பயம் எதுக்குன்னு சொல்றேன்.

படம் எடுக்கிறதுக்காக எழுத்துக்குள்ள மைதா மாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு தேய்க்கிறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஒண்ணு, கல்லு கெட்டுப்போகும். ரெண்டாவது, இதுதான் பல பேருக்குப் புரியறதில்ல, நீங்க எந்தக் கோட்டை எழுத்துன்னு நினைக்கிறீங்களோ அதுமேலதான் சாக்பீஸ் போடுவீங்க. அப்புறம் அந்தப் படத்தைக் கூட்டத்துல காட்டினா மத்தவங்க கல்லைப் படிக்கல, உங்க முடிவைப் படிக்கிறாங்க. பாதி வேலையைப் பகிர்ந்துக்கிறதோட அர்த்தமே போயிடுது. சாயங்கால வெயில் சாய்வா விழுறப்ப எடுங்க, இல்லேன்னா ராத்திரி டார்ச்சைக் கல்லு ஓரமா படுக்கவெச்சு நாலு பக்கத்துலேர்ந்தும் எடுங்க. நாலு படத்தையும் கொண்டு வந்து காட்டுங்க.

முறையா மசிப்படி எடுக்கத் தெரிஞ்சவங்க கூட இருந்தா இன்னும் நல்லது. கல்லைத் தண்ணி விட்டு பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, நனைஞ்ச தாளை ஒட்டி, தட்டுற பிரஷ்ஷால தட்டித் தட்டி தாளை எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறக்கணும், பாதி காஞ்சப்புறம் மசியை ஒத்தணும். மேடு கறுப்பாவும் எழுத்து வெள்ளையாவும் வரும். கோயில்லயோ பாதுகாக்கப்பட்ட இடத்துலயோ அனுமதி இல்லாம செய்யாதீங்க.

இன்னொண்ணு. "புதுசு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி பழைய பதிவைப் பாருங்க. கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கை 1887லேர்ந்து இருக்கு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890ல வந்துச்சு, மாநிலத் தொல்லியல் துறையோட மாவட்டத் தொகுதிகள் இருக்கு, செங்கம் நடுகற்களுக்குத் தனி நூலே 1972ல வந்திருக்கு. உங்க தாலுக்கா பேரைப் போட்டுத் தேடினாலே பாதி சந்தேகம் தீந்துடும். கூட்டத்துக்கு ஒருத்தர் இந்த வேலையை எடுத்துக்கட்டும்.

---

வரலாற்று டீச்சர் எழுதியது:

மதகடி அண்ணா, நல்ல இழை ஆரம்பிச்சீங்க. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதல் விஷயம் நேரம், இடம். எங்க பக்கம் இதே மாதிரி கூட்டம் ஒண்ணு டீக்கடை பெஞ்ச்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல நடந்துச்சு. நான் எப்படிப் போவேன்? என்கூட வேலை பாக்குறவங்க நாலஞ்சு பேருக்கு ஆர்வம் இருக்கு, ஒருத்தங்க வட்டெழுத்து (பழைய காலத் தமிழ் எழுத்துல ஒரு வகை) எங்க எல்லாரையும் விட நல்லா படிப்பாங்க, அவங்க ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல. நூலகத்துல ஞாயிறு காலைல பத்து மணிக்குன்னு மாத்தினப்புறம்தான் நாங்க வர ஆரம்பிச்சோம், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றோம். பேச்சு சூடாறது ராத்திரிதான்னு சொல்றவங்க யாருக்கு அந்த ராத்திரி சும்மா இருக்குன்னு கொஞ்சம் யோசிக்கணும்.

ரெண்டாவது, அந்தப் பாட்டி. நீங்க எழுதின கட்டுரையில அவங்க பேர் வருதா? கேக்கணும்னு தோணுச்சு. "உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூறியது"ன்னு எழுதறது நம்ம வழக்கமாயிடுச்சு. கல்லு எங்க இருக்குன்னு சொன்னவர் ஆடு மேய்க்கிறவர், சொல் என்னன்னு சொன்னது ஒரு பாட்டி, படத்தைப் பேப்பர்ல போட்டவர் கண்டுபிடிப்பாளர். அந்த தம்பிக்கு நடந்தது தப்புன்னா இவங்களுக்கு நடக்கிறதும் தப்புதான்.

---

மதகடி எழுதியது:

டீச்சர், அந்தப் பாட்டி பேர் கட்டுரையோட முதல் பத்தியிலயே இருக்கு, அவங்ககிட்ட கேட்டுத்தான் போட்டோம். ஆனா கல்லு இருக்கிற இடத்தைக் காட்டினவங்க பேரையும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கிற வழக்கம் கூட்டத்துக்கு வேணும், அதைச் சேத்துக்கிறேன். நேரத்தைப் பத்தி நீங்க சொன்னதும் சரி. மாடி எங்களுக்குப் பிடிக்கும், ஆனா மாசம் விட்டு மாசம் காலையில நூலகத்துல வெச்சுக்கலாம்னு கேட்டுப் பாக்குறேன்.

மசிப்படி ஐயா, சாக்பீஸ் போட்டா நம்ம முடிவை மத்தவங்க படிக்கிறாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதை அப்படியே அச்சடிச்சு மாடிச் சுவத்துல ஒட்டப்போறேன்.

---

யானைமலை நடை எழுதியது:

மதுரையிலேர்ந்து. இங்க ஜனங்க சேந்து மலையையும் பழைய இடங்களையும் பாக்கப் போற பசுமை நடை 2010லேர்ந்து நடக்குது, யானைமலையைக் குடைஞ்சு சிற்ப நகரம் ஆக்கப்போறாங்கன்னு பேச்சு வந்தப்ப ஜனங்க சேந்து கிளம்பினதுலேர்ந்து. மலைமேல சமணர் படுக்கை (சமணத் துறவிகளுக்கு வெட்டின கல் படுக்கை), தமிழி (தமிழ் பிராமி) எழுத்து எல்லாம் பாத்துட்டு அங்கயே உக்காந்து ஒருத்தர் பேசுவார், அப்புறம் சாப்பாடு. கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம்னு போயிருக்கேன்.

நான் கவனிச்சது என்னன்னா நடை வேற, உக்காரல் வேற. நடையில கூட்டம் பெருசு, குடும்பமா வருவாங்க, அங்க முடிஞ்ச விஷயத்தைத்தான் சொல்ல முடியும், சொல்லணும். சந்தேகமெல்லாம் திரும்பி வர்ற வழியில பஸ்ஸுக்கு நிக்கும்போது நாலு பேருக்குள்ள நடக்கும். அந்த பஸ் ஸ்டாப் பேச்சுதான் நீங்க மாடியில நடத்துறது. ரெண்டும் வேணும். நடை இல்லேன்னா ஊருக்கு நம்மளத் தெரியாது, நாளைக்கு மலைக்கு ஒண்ணுன்னா யாரும் வரமாட்டாங்க. அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட விவகாரத்துல பாத்தோமே, ஊரே திரண்டு நின்னுச்சு, 2025 ஜனவரியில ஏலத்தை ரத்து பண்ணினாங்க. மலையில என்ன இருக்குன்னு அந்த ஜனங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அதனால உங்க கூட்டத்துல புது ஆளே வேண்டாம்னு கதவைச் சாத்தாதீங்க. கல்லு இருக்கிற ஊர்லயே ஒரு தடவை உக்காருங்க, அந்த ஊர்க்காரங்க முன்னாடி "எங்களுக்கு இந்த வரி புரியல"ன்னு சொல்லுங்க. "இதுல புதையல் பத்தி எதுவும் இல்ல, உங்க ஏரிக்கு யார் நெல்லு குடுத்தாங்கன்னுதான் இருக்கு"ன்னு அவங்க காதுபட படிச்சுக் காட்டினா தோண்ட வர்றவனை அவங்களே விரட்டுவாங்க.

---

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூர்லேர்ந்து எழுதறேன். இங்க நிலைமை வேற மாதிரி. பி.எல். ரைஸ்ங்கிற கல்வெட்டு ஆய்வாளர் 1905ல பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டையெல்லாம் ஒரு தொகுதியா போட்டுட்டார், தமிழ்க் கல்வெட்டும் அதுல இருக்கு, தொம்மலூர் சொக்கநாதர் கோயில்ல இன்னைக்கும் போய் பாக்கலாம். ஆனா நகரம் பெருகினதுல நிறைய கல்லு காணாமப் போயிடுச்சு. ஆர்வலர்கள் அந்த பழைய புத்தகத்தை வெச்சுக்கிட்டு வார்டு வார்டா தேடுறாங்க. 2018ல ஹெப்பாள்ல கிட்டய்யாங்கிற வீரனோட நடுகல் திரும்பக் கிடைச்சது, கி.பி. 750 வாக்கில உள்ளது, ஊர்க்காரங்க சேந்து அதுக்கு மண்டபமும் கட்டினாங்க. மிதிக் சொசைட்டிங்கிற இங்கத்த ஆய்வு அமைப்பு இப்ப முப்பரிமாண ஸ்கேன் பண்ணி எழுத்து எழுத்தா படத்தைப் பொதுவுல வைக்கிறாங்க.

இதெல்லாம் பாத்துட்டு எனக்குத் தோணுறது, எல்லாத்தையும் திறந்து வைக்கணும். படம், இடம், பாதி வாசிப்பு, எல்லாமே. தேதியோட இணையத்துல ஏத்திட்டா யார் முதல்ல பாத்தாங்கன்னு சண்டையே வராது, அந்த தம்பியோட படம் முதல்லயே தேதியோட பொதுவுல இருந்திருந்தா பேப்பர்க்காரரால வேற பேர் போட முடிஞ்சிருக்குமா? மூடி வைக்கிறதுனாலதான் திருட முடியுது.

---

வேடியப்பன் காடு எழுதியது:

அல்சூர் சார், பேருக்கு நீங்க சொல்றது சரி, இடத்துக்கு சரிப்படாது. பெங்களூர்ல ஒரு கல்லைச் சுத்தி ஆயிரம் வீடு இருக்கு, ராத்திரி யாரும் தோண்ட முடியாது. எங்க பக்கம் கரட்டுல ஒத்தையா நிக்குது கல்லு, பக்கத்துல மனுஷ நடமாட்டம் கிடையாது. இடத்தைப் புள்ளி வெச்சுப் போட்டா அது தோண்டுறவனுக்கு வழி காட்டுற மாதிரிதான்.

படத்தையும் வாசிப்பையும் தேதியோட போடுங்க. இடத்துக்கு தாலுக்கா வரைக்கும் போதும். சரியான இடத்தை தொல்லியல் துறைக்கும், கூட்டத்துல ரெண்டு பேருக்கும், அந்த ஊர்ல ஒரு பொறுப்பான ஆளுக்கும் மட்டும் எழுதிக் குடுங்க. துறைக்கு எழுதாம நாமே வெச்சுக்கிறதும் தப்புதான், நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆயிட்டா கல்லு இருக்கிற இடம் நம்மளோட போயிடும்.

அப்புறம் அந்தப் பாட்டி கதையைப் படிச்சதும் எங்க கூட்டத்துல நடந்தது ஞாபகம் வந்துச்சு. நுந்தா விளக்குக்கு (கோயில்ல அணையாம எரியிற விளக்கு) தொண்ணூத்தாறு ஆடு விட்ட சோழர் கல்வெட்டு நிறைய இருக்கு, சாவா மூவாப் பேராடுன்னு (சாகாத, கிழடாகாத ஆடு) வரும், அந்த ஆட்டுலேர்ந்து தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்குக் குடுக்கணும். ஒரு காலேஜ் பையன் அதைப் பத்தி எழுதிட்டு இருந்தான், "சாகாத ஆடுன்னு சொல்றது ஒரு அலங்காரம்"னு. எங்க கூட்டத்துக்கு வர்ற, ஆட்டுப்பட்டி வெச்சிருக்கிற பட்டிக்காரர் ஒருத்தர், "அலங்காரம் இல்ல தம்பி, கணக்கு. கிழடு தட்டினதைக் கழிச்சு, செத்ததுக்குப் பதில் குட்டியை விட்டு, எண்ணிக்கை குறையாம வெச்சுக்கணும், பட்டி அப்படித்தான் நிக்கும்"னாரு. அப்புறம் நெய் கணக்கும் போட்டாரு, எத்தனை ஆடு ஒரே சமயத்துல கறக்கும், மத்தது சினை, மத்தது குட்டி, கிடா எத்தனை, ஏன் ஒரு விளக்குக்கு அத்தனை ஆடு தேவைப்படுதுன்னு. அந்தப் பையன் கட்டுரையையே திருப்பி எழுதினான். அது அவன் முடிச்சு அச்சுக்குக் குடுத்தப்புறம் நடந்திருந்தா என்ன பிரயோஜனம்?

---

செங்கத்தான் எழுதியது:

படிச்சுட்டே இருக்கேன், நல்ல பேச்சு. எங்க ஊர்ப் பக்கம் எடுத்தனூர் நடுகல் தெரியும்தானே, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் முப்பத்து நாலாவது ஆட்சியாண்டு, கருந்தேவக்கத்திங்கிற வீரனோட கல், பக்கத்துல கோவிவன்னு ஒரு நாய், கள்ளன் ரெண்டு பேரைக் கடிச்சுக் காத்து நின்னுச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாய்க்குப் பேர் எழுதி வெச்சிருக்காங்க, நாம கல்லு இருக்கிற இடத்தைக் காட்டின மனுஷன் பேரை எழுதாம விடுறோம். டீச்சர் சொன்னதுக்கு இதைவிட என்ன சொல்ல.

இன்னொரு விஷயம் கேக்கணும். கூட்டத்துக்கு ஆளுங்க பொருள் எடுத்துட்டு வர்றாங்க. பானை ஓடு, மணி, ஒருத்தர் செப்புக்காசு. இதை என்ன பண்றீங்க?

---

மசிப்படி எழுதியது:

நல்ல கேள்வி. ஓட்டை எடுத்துட்டு வராதீங்கன்னு முதல் கூட்டத்துலயே சொல்லிடுங்க. கறுப்பு சிவப்புப் பானை ஓடு வயல்ல எங்க கிடக்கு, எவ்வளவு பரப்புல கிடக்கு, கூட என்ன கிடக்குங்கிறதுலதான் சேதி இருக்கு. பையில போட்டுக் கொண்டு வந்தா அது வெறும் ஓடு. இருக்கிற இடத்துலயே ஸ்கேல் வெச்சுப் படம் எடுத்துட்டு அப்படியே விட்டுட்டு வாங்க.

காசு, சிலை, தங்கம் மாதிரி மண்ணுக்கு அடியிலேர்ந்து கிடைச்சா விளையாட்டு இல்ல. 1878லேர்ந்து புதையல் சட்டம் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். விஏஓ வழியா எழுத்துல குடுத்துட்டு நகல் வாங்கி வெச்சுக்கோங்க. கூட்டத்துல ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாறினா அப்புறம் எல்லாருக்கும் சிக்கல்.

பேர் விஷயத்துல ஒரு வழி சொல்றேன். தமிழகத் தொல்லியல் கழகம் 1991லேர்ந்து ஆவணம் இதழ் போடுது, வருஷாவருஷம் கூட்டமும் நடத்துறாங்க. பள்ளி ஆசிரியர்கள், தனியாள்கள் நிறைய பேரோட புதிய கல்வெட்டு அதுல வந்திருக்கு. உங்க மாடியில பேசினதுக்கு இலக்கு அதுவா இருக்கட்டும். "இந்த வருஷக் கடைசிக்குள்ள இதை எழுதி அனுப்பணும்"னு ஒரு கெடு இருந்தா பாதி வேலை பாதியாவே நின்னு போகாது. நான் பாத்த பல கூட்டங்கள் அப்படித்தான் போச்சு, பேசி முடிச்ச திருப்தியில எழுதவே மாட்டாங்க.

---

அல்சூர்வாசி எழுதியது:

வேடியப்பன் சார், இடத்தைப் பத்தி நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன், ஆள் நடமாட்டம் இல்லாத கரட்டுக்கு என் யோசனை பொருந்தாது. ஆனா பாதி வாசிப்பைத் தேதியோட பொதுவுல வைக்கிறதுல நான் மாறல. பேர் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லல. கல்லு உடைஞ்சு போனாலும் படம் இருக்கும், இன்னொரு தலைமுறை நாம தடுமாறின இடத்துலேர்ந்து தொடங்கும். முடிச்ச வாசிப்பை மட்டும் அச்சுல போட்டா நாம எந்த எழுத்துல சந்தேகப்பட்டோம்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்.

---

மதகடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கூட்டத்துல வைக்கலாம்னு நினைக்கிறதை எழுதறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

மாடியில பேசினது யார் கொண்டு வந்தாங்களோ அவங்களோடது. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் படம் வெளிய போகாது, வாட்ஸப்லயும் கூட. அவசரம்னா, கல்லுக்கு ஆபத்துன்னா, கொண்டு வந்தவர் பேரும் இடம் காட்டினவர் பேரும் போட்டு அன்னைக்கே துறைக்கும் பேப்பருக்கும் சேத்து அனுப்புறது, அதுக்குக் காத்திருக்க வேண்டாம். பொதுவுல தாலுக்கா பேர் மட்டும். ஒவ்வொரு உக்காரலுக்கும் ஒரு நோட்டு, யார் என்ன சந்தேகம் கொண்டு வந்தாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி, வந்தவங்க கையெழுத்து, தேதி. பாட்டி வந்தா பாட்டி கையெழுத்தும். அல்சூர்வாசி கேக்குற தேதிப் பதிவு இதுல வந்துடும், சந்தேகமும் பதிவாகும்.

புது ஆளுக்குக் கதவு திறந்தே இருக்கும், இதுல நான் விடப்போறதில்ல. ஒருத்தர் நம்பிக்கையை உடைச்சதுக்காக இனி வரப்போற பாட்டிக்கும் பட்டிக்காரருக்கும் கதவைச் சாத்த முடியாது.

அந்த தம்பி வீட்டுக்கு நாளைக்குப் போறேன். சாஞ்சு கிடக்கிற கல்லை நிமித்தறதுக்கு ஊர்த் தலைவர்கிட்டயும் பேசணும், துறைக்கு மனு எழுதியாச்சு. அடுத்த உக்காரலை அந்த ஊர்லயே, கல்லுக்குப் பக்கத்துல வெச்சுக்கலாம்னு யானைமலை அண்ணன் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டேன்.

---

முதலாமாண்டு எழுதியது:

வணக்கம். நான் காலேஜ் முதல் வருஷம், இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதப் பயம். நீங்கல்லாம் சந்தேகத்தோட வரலாம்னு சொன்னதால கேக்குறேன்.

எங்க அம்மா ஊர்ல ஒரு கல்லு இருக்கு, வில்லும் கத்தியும் வெச்சுட்டு ஒருத்தர் நிக்கிறார், காலுக்குப் பக்கத்துல மாடு மாதிரி ஒண்ணு. எழுத்து வட்டெழுத்து இல்ல, தமிழ் எழுத்து மாதிரிதான் தெரியுது. முதல் வரி பாதி மண்ணுக்குள்ள இருக்கு. ரெண்டாவது வரியில தொறு, அப்புறம் மீட்டு, கடைசியில பட்டான் இருக்குன்னு நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு பேர், 'சாததர மகன'ன்னு எழுதியிருக்கிற மாதிரி இருக்கு. சாத்தர் மகனா, சாத்தா மகனா? ரெண்டு நாளா அதையே பாத்துட்டு இருக்கேன். சாக்பீஸ் எதுவும் போடல.

---

வரலாற்று டீச்சர் எழுதியது:

வாங்க! தொறு மீட்டுப் பட்டான்னா மாடு பிடிச்சுட்டுப் போனவங்ககிட்டேர்ந்து மாட்டை மீட்டு செத்தவர். அந்தக் கல்லை உங்க ஊர்ல யாராவது கும்புடுறாங்களா, பொங்கல் வைக்கிறாங்களா, என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு அம்மாகிட்டயும் பாட்டிகிட்டயும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

---

மசிப்படி எழுதியது:

தம்பி, நல்லா பாத்திருக்கீங்க. அந்த எழுத்துல 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும், புள்ளியும் இல்ல, அதனால நீங்க கேக்குற ரெண்டுமே இப்போதைக்கு நிக்கும். அதே கல்லுல சந்தேகமே இல்லாத ஒரு கால் இருக்கு, 'பட்டான்'ல 'டா'. அதோட வளைவையும் உயரத்தையும் இதோட ஒப்பிட்டுப் பாருங்க, அதேபோல 'ர' வர்ற வேற சொல் இருந்தா அதையும். முதல் வரியில அரசன் பேரும் ஆண்டும் இருக்க வாய்ப்பு உண்டு, அதுக்காக நீங்களே மண்ணைத் தோண்டாதீங்க. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சப்புறம் ரெண்டாவது வரியை மட்டும் கிட்ட வெச்சு, ஓரத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுத்துப் போடுங்க. ஊர்ப் பேர் இங்க எழுத வேண்டாம்.

---

முதலாமாண்டு எழுதியது:

சரிங்க ஐயா. 'டா' பக்கத்துலயே இருக்கு, ரெண்டையும் ஒரே படத்துல எடுக்கிறேன். மதகடி அண்ணா, உங்க உக்காரல் எங்க பஸ் ரூட்லதான் வருதுன்னு நினைக்கிறேன், நான் வரலாமா? பாட்டியையும் கூட்டிட்டு வரலாமா?

---

மதகடி எழுதியது:

பாட்டியோட வாங்க. மாடி ஏறுறது கஷ்டம்னா கீழ திண்ணையில வெச்சுக்கலாம். தனிச்செய்தியில நம்பர் அனுப்பியிருக்கேன், எந்த ஸ்டாப்ல இறங்கணும்னு சொல்றேன்.